தொடாதே என்று சொல்ல நீ யார்?

"தொடாதே! எட்ட நின்று பார்!"

இந்த உத்தரவைத் தமிழ்நாட்டு உழைப்பாளி மக்கள் எத்தனை நூற்றாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்! கோயில் வாசலில் கேட்டார்கள். ஊர்க் கிணற்றடியில் கேட்டார்கள். பண்ணையார் வீட்டுத் திண்ணை ஓரத்தில் கேட்டார்கள். இன்று அதே உத்தரவு புது வேஷம் போட்டுக்கொண்டு கலைக்கூடத்தின் வாசலிலும் நிற்கிறது.

உலகத்தில் ஒரு கலை இருக்கிறது. அது அசையும், சுழலும். பார்ப்பவன் நடந்தால் அதன் நிறம் மாறும். அவன் கை பட்டால் உயிர் பெறும். இரண்டு நிறங்களைச் சாயத்தொட்டியில் கலக்காமல், பார்ப்பவன் கண்ணிலேயே கலந்து மூன்றாவது நிறத்தை உண்டாக்கும். தெருவிலும் சந்தைத் திடலிலும் ரயிலடியிலும் வைக்கப்பட வேண்டிய கலை இது.

இதைப் பற்றிப் பேசினால் கனவான்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லுகிறார்கள். "இது மேல்நாட்டு நவீனக் கலை, கூலிக்காரனுக்கு விளங்காது" என்கிறது ஒரு கூட்டம். "பசித்தவனுக்குச் சோறு போடு, வண்ணச் சக்கரம் எதற்கு?" என்று இரக்கம் காட்டுகிறது இன்னொரு கூட்டம். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. உழைப்பாளிக்கு வயிறு உண்டு, முதுகு உண்டு, கண் கிடையாது! இதுதான் அவர்கள் சொல்வதன் பொருள்.

இந்தப் பொய்யை உடைக்கும் சாட்சியங்கள் எங்கோ இல்லை, தோழர்களே. கடலூரிலும் சிதம்பரத்திலும், உங்கள் மத்தியிலேயே இருக்கின்றன.

கண் செய்யும் வேலை

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

சிவப்புச் சாயத்தையும் பச்சைச் சாயத்தையும் ஒரே தொட்டியில் ஊற்றினால் என்ன வரும்? சேற்று நிறம் வரும். ஒவ்வொரு சாயமும் தன் பங்குக்கு வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து விழுங்கியபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதே சிவப்பையும் பச்சையையும் ஒரு வட்ட அட்டையில் பாதிப் பாதியாகத் தீட்டி வேகமாகச் சுழற்றுங்கள். சேறு வராது. மங்கலான மஞ்சள் வரும்! இங்கே சாயம் சாயத்தோடு கலக்கவில்லை. முதல் நிறம் கண்ணை விட்டு அகலுமுன் இரண்டாவது நிறம் வந்து அதே இடத்தில் விழுகிறது. கண் இரண்டையும் கூட்டி ஒன்றாகக் காண்கிறது. ஏழு நிறம் தீட்டிய தட்டைச் சுழற்றினால் சாம்பல் கலந்த வெளுப்பு தெரிவதும் இதனால்தான்.

ஸ்காட்லாந்து விஞ்ஞானி மாக்ஸ்வெல் 1855-ல் இதை அளந்தே காட்டினார். எந்த நிறம் எத்தனை பங்கு சேர்ந்தால் எந்த நிறம் தோன்றும் என்று கணக்கெடுத்தார். அதற்கு அவர் கையாண்ட கருவி எது தெரியுமா? பம்பரம்! நிறக் காகித வட்டங்களைப் பம்பரத்தின் மேல் பொருத்திச் சுழலவிட்டார். நம் சேரிப் பிள்ளைகள் தெருப்புழுதியில் ஆடும் அதே பம்பரம்தான் சீமையில் விஞ்ஞானக் கருவியாயிற்று.

தறியடியில் நடக்கும் விஞ்ஞானம்

பம்பரம் சுழன்று நிறத்தைக் கலக்கிறது. தறி வேறு விதமாகக் கலக்கிறது. நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டினால் மயில்கழுத்து நிறம் பிறக்கிறது. துணியை ஒரு பக்கம் சாய்த்தால் நீலம் ஓங்குகிறது. மறுபக்கம் சாய்த்தால் பச்சை ஓங்குகிறது. கட்டியவள் நடந்தால் நிறமே அலையடிக்கிறது. மயில்கழுத்துச் சாயத்தில் தோய்ந்த இழை ஒன்றுகூட அந்தத் துணியில் இல்லை! நெசவாளி இழைகளை அருகருகே வைத்தான். மிச்ச வேலையை நம் கண் செய்தது.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் தறிக்குழியில் கால் வைத்து லுங்கி நெய்யும் தோழனைக் கேளுங்கள். கட்டம் போடும்போது எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தால் எடுப்பாகும், எது வந்தால் செத்துப்போகும் என்று அவன் சொல்லுவான். இந்த அறிவுக்கு மேல்நாட்டில் என்ன மரியாதை கிடைத்தது என்றும் பாருங்கள்.

பாரிஸில் கோப்லென் என்ற சர்க்கார் நெசவுக்கூடம் இருக்கிறது. சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் இடம். 1824-ல் அங்கே சாயப் பகுதிக்கு ஷெவ்ரல் என்ற ரசாயன விஞ்ஞானி தலைவராக வந்தார். கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைக் கண்ணுக்குக் குறைத்துக் காட்டின! 1839-ல் இதை அவர் பெரிய புத்தகமாக வெளியிட்டார். ஓவியர்கள் அதைப் படித்துப் புதுப் பாணி கண்டார்கள். சரித்திரத்தில் ஷெவ்ரலின் பெயர் இருக்கிறது. ஓவியர்களின் பெயர் இருக்கிறது. தறியில் உட்கார்ந்து நிறத்துக்குப் பக்கத்தில் நிறத்தை வைத்துவந்த நெசவாளியின் பெயர் எங்கே?

நம் ஜில்லாவின் கதையும் அதுதான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கடற்காற்று வாங்கவா வாங்கியது? இந்தக் கரையின் துணிக்காக வாங்கியது. துணி கப்பலேறியது. கம்பெனி கொழுத்தது. நெய்தவன் பெயரைக் கப்பல் கணக்கில் எவனும் எழுதவில்லை.

தோட்டத்துக்குள் ஒரு கலை, தெருவிலே ஒரு கலை

மேல்நாட்டு அசையும் கலையை முழுக்கப் பழிப்பது நம் நோக்கம் அல்ல. அதற்குள்ளேயே இரண்டு பாதைகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் மகா கைத்திறன் படைத்தவர். உலோகத் தகடுகளுக்கு நிறம் பூசி, கம்பிகளில் தராசுபோலச் சமன்செய்து தொங்கவிடுவார். காற்று பட்டால் அவை மெல்லத் திரும்பும். 1955-ல் அவர் அகமதாபாத்துக்கு வந்தார். பல்லாயிரம் பஞ்சாலைத் தொழிலாளிகள் உழைத்த நகரம் அது. ஆனால் அவர் வந்தது ஆலை முதலாளிகளான சாராபாய் குடும்பத்தாரின் விருந்தாளியாக. அவர்களுடைய இடத்தில் தங்கி 9 சிற்பங்கள் செய்தார். 2012-ல் அந்த அகமதாபாத் சிற்பங்கள் லண்டனில் ஒரு தனியார் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தன. முதலாளியின் தோட்டத்திலிருந்து லண்டன் கூடத்துக்கு! நூல் சுற்றிய தொழிலாளி அந்தப் பயணத்தில் எந்த இடத்தில் வருகிறான்? கால்டரின் கையைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கைவேலையைச் சுற்றி எழுந்த மதிற்சுவரைத்தான் குற்றம் சொல்லுகிறோம்.

இனி மற்றப் பாதையைப் பாருங்கள். புரட்சி நடந்த ருஷ்யாவில், 1920-ல், டாட்லின் என்ற கலைஞர் ஒரு மாபெரும் கோபுரத்தின் மாதிரியைப் பெட்ரோகிராடில் மக்கள் முன் வைத்தார். 400 மீட்டர் உயரம் என்று திட்டம். அதற்குள்ளே கண்ணாடிக் கட்டிடங்கள். ஒன்று வருஷத்துக்கு ஒரு சுற்று, ஒன்று மாதத்துக்கு ஒரு சுற்று, ஒன்று நாளுக்கு ஒரு சுற்று சுழல வேண்டும். உள்நாட்டு யுத்தத்தில் நொந்துகிடந்த நாடு அது. கோபுரம் எழவில்லை. ஆனால் கலை அசையலாம், அது பொதுமக்களின் சதுக்கத்தில் நிற்கலாம் என்ற எண்ணம் எழுந்துவிட்டது.

1960-ல் பாரிஸில் சில இளங்கலைஞர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஹூலியோ லெ பார்க் அவர்களில் ஒருவர். தொடுவதைத் தடுக்கக் கூடாது, தொடாமல் இருப்பதைத்தான் தடுக்க வேண்டும் என்று அவர்கள் தலைகீழாகச் சட்டம் போட்டார்கள்! 1966 ஏப்ரல் 19 அன்று கலைக்கூடத்தை விட்டுத் தெருவுக்கே வந்துவிட்டார்கள். காலையிலிருந்து இரவு வரை பாரிஸின் பல இடங்களில், ஏறி நின்றால் ஆடும் தளங்களையும், வழிப்போக்கர்கள் கையாளக்கூடிய பொருள்களையும் வைத்தார்கள். அதே வருஷம் வெனிஸ் கண்காட்சியில் லெ பார்க்குக்குப் பெரிய பரிசு கிடைத்தது. 1968-ல் பிரான்சில் தொழிலாளர்களும் மாணவர்களும் கிளர்ந்தெழுந்தபோது, அதில் கலந்துகொண்டதற்காக அதே லெ பார்க்கைப் பிரெஞ்சு சர்க்கார் நாடு கடத்தியது. சில மாதங்கள் கழித்தே திரும்ப விட்டது. சுவருக்குள் இருக்கும்வரை கலைஞனுக்குப் பரிசு. தொழிலாளியோடு நின்றால் நாடு கடத்தல்! இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

வெனிசுலா நாட்டுக் கார்லோஸ் குரூஸ் தீயஸ் நிறத்தையே ஆராய்ந்து வாழ்ந்தவர். 2019-ல் மறைந்தார். காரகாஸ் விமான நிலையத்தின் தரை முழுக்க அவர் நிறக்கோடுகளை நெருக்கி அமைத்தார். நடக்க நடக்க நிறம் மாறும். பிழைப்புத் தேடி நாட்டை விட்டுப் போகும் ஜனங்கள் அந்தத் தரையில் தம் கால் பதிந்ததைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குக் கூலிக்குப் போகும் நம் ஜில்லா வாலிபர்களுக்கு அந்த வேதனை புரியும். கூரி அணைக்கட்டின் மின்நிலையத்தில், இயந்திரங்கள் ஓடும் கூடத்தையே அவர் நிறத்தால் அமைத்தார். தொழிலாளி ஷிப்டு பார்க்கும் இடம் அது! நம் ஜில்லாவிலும் நெய்வேலி இருக்கிறது. 1962 முதல் டர்பைன் சுழல்கிறது. அங்கே வியர்வை சிந்தும் ஒப்பந்தத் தொழிலாளியின் கண்ணுக்கு எந்தக் கலைஞன் என்ன படைத்தான்?

வடம் பிடித்த கை

"நம் நாட்டில் இதெல்லாம் ஏது?" என்று கேட்பவர்கள் கார்த்திகை தீபத்தன்று கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகட்டும். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்குவார்கள். இடித்துத் துணியில் பொட்டலமாக முடிவார்கள். பனைமட்டைப் பிளவுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிறு பூட்டி, நெருப்பு வைத்துச் சுழற்றுவார்கள். அதுதான் மாவலி. ஒவ்வொரு பொறியும் தனித்தனி. ஆனால் கண்ணுக்கு அது பொன் குடை. தமிழில் இதற்குக் கொள்ளிவட்டம் என்று பழைய பேரே இருக்கிறது. டிக்கெட் இல்லை, காவற்காரன் இல்லை. சுற்றுகிறவனே கலைஞன், அடுத்த நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தவன் வாங்கிச் சுற்றுகிறான். பாரிஸ் குழு 1966-ல் தெருவில் செய்ய முயன்றதை நம் கூலிக்காரர் பிள்ளைகள் வருஷந்தோறும் செய்துவருகிறார்கள்!

சிதம்பரத்துக்கு வாருங்கள். ஆனியிலும் மார்கழியிலும் 5 தேர்கள் நான்கு வீதியும் சுற்றி வருகின்றன. கடவுளைப் பற்றி உங்களுக்கு எந்த நம்பிக்கையும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேரைக் கலைப்படைப்பாகப் பாருங்கள். தச்சன் செதுக்கிய மரம்; தையற்காரன் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாகத் துணி வெட்டித் தைத்த தொம்பைகள். தேர் நிலையில் நிற்கும்போது அவை வெறும் துணி. ஆயிரம் கை வடத்தை இழுத்ததும் தேர் குலுங்குகிறது. தொம்பை ஆடிச் சுழல்கிறது. நிறங்கள் ஒன்றோடொன்று ஓடுகின்றன. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவன் தன் காலைப் பணயம் வைத்துத் தேரைத் திருப்புகிறான். ஜனங்கள் இல்லாவிட்டால் தேர் ஓடாது. ஜனங்களின் அசைவே இந்தக் கலையின் உயிர்.

அப்படியானால் கேட்கிறோம்: எந்தக் கை வடத்தைத் தொடலாம், எந்தக் கை தொடக்கூடாது என்று வகுத்தவன் எவன்?

நந்தன் கதை நடந்த ஊர் இது. பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவன் நந்தன் என்று பெரியபுராணமே சொல்லுகிறது. வாத்தியம் அவன் கைப்பொருளால் முழங்கும். அவன் மட்டும் உள்ளே வரக்கூடாது! நெருப்பில் மூழ்கி எழுந்தபின்தான் அவனை உள்ளே விட்டதாகக் கதை. இதே சிதம்பரத்தில் 1916-ல் சுவாமி சகஜானந்தர் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கவேண்டி வந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்தும், சிவகங்கை ஜில்லா கண்டதேவியில் தேர்வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் 1998 முதல் போராட வேண்டியிருந்தது. ஹைகோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. ஒரு கயிற்றைத் தொடுவதற்கு!

ஆபத்து வந்தால் மட்டும் அது யார் தலையில் விழுகிறது? 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் மாண்டார்கள். பொதுமக்கள் அசைக்கும் கலைக்குப் பாதுகாப்புச் செய்வது சர்க்காரின் கடமை என்பதை இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

இரக்கம் காட்டுகிறவர்களுக்குப் பதில்

"கூலி உயர்வு கேட்க வேண்டிய நேரத்தில் கலையைப் பற்றிப் பேச்சா?" என்று நம் பக்கத்துத் தோழர்களிலும் சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். நேர்மையாகவே பதில் சொல்லுவோம்.

நெசவாளியின் கூலி ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது? அவன் செய்வது வெறும் உடலுழைப்பு, அறிவு அல்ல என்று முதலாளியும் இடைத்தரகனும் சொல்லி வைத்திருப்பதும் ஒரு காரணம் இல்லையா? கலைக்கூடத்தில் இரண்டு நிறக்கோட்டை அருகருகே வைத்தால் அது படைப்பு. தறியில் வைத்தால் அது கஜத்துக்கு இவ்வளவு என்று கூலி! அறிவைத் திருடிவிட்டால் கூலியைக் குறைப்பது எளிது. பெயரை மறைத்துவிட்டால் பங்கை மறுப்பது எளிது. ஆகவே கலையின் மேல் உரிமை கேட்பது கூலிப் போராட்டத்துக்குப் புறம்பான காரியம் அல்ல. அதன் இன்னொரு முனை.

வேறொரு காரணமும் உண்டு. எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று கேட்டுத்தான் உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தியது. அந்த ஓய்வு எதற்கு? மறுநாள் வேலைக்கு உடம்பைத் தேற்ற மட்டுமா? பார்க்கவும் கேட்கவும் சிரிக்கவும், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அதிசயப்படவும்தான்! நாள் முழுவதும் நாற்றுமுடியைப் பார்த்துக் குனிந்த கண்ணுக்கு, ஷிப்டு முழுவதும் அறுந்த நூலைத் தேடிய கண்ணுக்கு, நிறத்தைக் காணும் உரிமை இல்லையா?

நாம் கேட்பது இதுதான்

தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையிலோ, மஞ்சக்குப்பம் மைதானத்திலோ, சிதம்பரம் பஸ் நிலையத்திலோ பொதுப்பணத்தில் எந்தக் கலைப்படைப்பை வைத்தாலும், அது வேலிக்குள் நிற்கும் பொம்மையாக இருக்கக் கூடாது. கையால் சுழற்றும் நிறச்சக்கரமாக இருக்கட்டும். நடந்தால் நிறம் மாறும் சுவராக இருக்கட்டும். கடற்காற்றில் திரும்பும் தகடாக இருக்கட்டும். டிக்கெட் கூடாது. தொடாதே என்ற பலகை கூடாது. குழந்தை கை வைத்தாலும் விரல் நசுங்காதபடி உறுதியாகச் செய்ய வேண்டும்.

அதைச் செய்கிற வேலையைத் தூரத்து கண்டிராக்டருக்குக் கொடுக்காமல், குறிஞ்சிப்பாடி நெசவாளிக்கும், தேர் செய்யும் தச்சனுக்கும், உள்ளூர்க் கொல்லனுக்கும், தொம்பை தைக்கும் தையற்காரனுக்கும் நியாயமான கூலியோடு கொடுக்க வேண்டும். கலைஞன் திட்டம் போடட்டும், வரவேற்கிறோம். ஆனால் கல்வெட்டில் கலைஞன் பெயரோடு செய்தவர்கள் பெயரும் பொறிக்கப்பட வேண்டும். மந்திரியின் பெயருக்கு இடம் இருக்கிறதென்றால் கொல்லனின் பெயருக்கு இடம் இல்லையா?

சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு கூலிக்காரர் பிள்ளையும் ஒரு நிறச்சக்கரத்தைத் தன் கையால் செய்து சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு அட்டை, கொஞ்சம் வண்ணம், ஒரு நூல், செலவு ஒன்றுமில்லை. எந்தத் தேரானாலும், எந்த ஊரானாலும், வடம் எல்லோர் கைக்கும் பொது என்ற சட்டம் நடைமுறையில் நின்றாக வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளையும் வையுங்கள். நகராட்சிக்கு மனுப் போடுங்கள். கூலி, நிலம், வீட்டுமனை என்று எழுதும் அதே காகிதத்தில் இதையும் எழுதுங்கள்.

பாவும் ஊடையும் தனித்தனியாகக் கிடந்தால் வெறும் நூல். சேர்ந்தால் இதுவரை இல்லாத நிறம். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் நெசவாளியும் அப்படிச் சேரட்டும்.

சுழற்றும் கை நம்முடையது. சுழல்வதும் நம்முடையதாகட்டும்!